ஒன்பது வரியில் பொய் இல்லை

பத்திரிகைக்காரன் பொய் எழுதுகிறான் என்று யாராவது என் முன்னால் வந்து புலம்பினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பொய் எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டுமே. பொய்யென்றால் நாலு பேர் கூடி மறுக்கலாம், ஆசிரியருக்குக் கடிதம் போடலாம், அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்க வைக்கலாம். உண்மையை மட்டுமே எழுதி ஒரு மனிதனைக் கவிழ்த்தால் என்ன செய்வீர்கள்? நான் அப்படிக் கவிழ்த்தவன். அச்சில் அது ஒன்பது வரி. எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் பைபிளில் கைவைத்து அந்த ஒன்பது வரிக்கும் இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

பதுளைக்கு ரயில் வராத காலம் அது. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுப்பவனாக இருந்தேன். டாக்டருக்குப் படித்தவன் இல்லை. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் மருந்து கலக்கப் பழகியவன். ஆனாலும் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்களுக்கு நான் டாக்டர் ஐயா. காய்ச்சலுக்குக் கொய்னா, வயிற்றுக்கு விளக்கெண்ணெய், புண்ணுக்குக் களிம்பு, இவ்வளவுதான் என் வைத்தியம். பிறந்தது பதுளை டவுனில், கிறிஸ்தவக் குடும்பத்தில். அம்மா போன பிறகு டவுனில் எனக்கென்று ஒரு வீடு இல்லை. தோட்டத்திலோ, துரை பங்களா மேலே, லயங்கள் கீழே, நடுவில் நான். கிளாக்கர்மார் தங்களுக்குள் சீட்டாடுவார்கள், என்னைக் கூப்பிடமாட்டார்கள். கங்காணிமார் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போவார்கள். லயத்துக்கு நான் போனால் அங்கே நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுவிடும், எல்லாரும் எழுந்துகொள்வார்கள். சில வாரங்களில் "எங்க வலிக்குது", "நாக்க நீட்டு" என்பதைத் தவிர என் வாயிலிருந்து வேறு பேச்சே வந்திருக்காது.

அந்தத் தனிமை தாங்காமல்தான் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்தேன். கொழும்பில் அச்சாகும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை. எங்கள் மலைக்குக் கீழே இருந்த பசறைப் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்ப ஆள் வேண்டும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். சம்பளம் கிடையாது, வாரம் ஒரு பத்திரிகை இலவசம். மழை எப்படி, எந்தத் தோட்டத்தில் திருவிழா, எங்கே அம்மை கண்டிருக்கிறது என்று எழுதுவேன். நடந்ததை மட்டும் எழுதவும், அபிப்பிராயம் வேண்டாம் என்று ஆசிரியர் முதல் கடிதத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். என் பெயர் வராது. "நமது நிருபர்" என்றுதான் வரும். அதைப் பார்த்தாலே நெஞ்சு நிமிரும். எங்கேயோ யாரோ என்னைப் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த அறையில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்தப் பத்திரிகையைக் கொண்டுவருபவன் தோட்டத்துத் தபால்காரன். துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன், முப்பது வயதுக்குள் இருக்கும். தினமும் காலையில் பசறைக்கு இறங்கி, தபால் பையோடு மத்தியானம் ஏறி வருவான். பையைத் துரை பங்களாவில் கொடுத்துவிட்டு, எனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவான். படியில் உட்கார்ந்து, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டே, "நம்ம தோட்டம் வந்திருக்குங்களா?" என்று கேட்பான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. முதல் வரியிலிருந்து கடைசி விளம்பரம் வரைக்கும் நான் வாசிக்க, அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த மலையில் என்னைக் கேலி செய்ய அவன் ஒருவனுக்குத்தான் துணிச்சல் இருந்தது. மழையைப் பற்றி நான் நீட்டி முழக்கியிருந்தால், நனைஞ்சது நாங்க, பேரு உங்களுக்கு என்று சிரிப்பான். அவன் என் சிநேகிதன். உயிரோடிருந்தபோது நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு கூலியாளைச் சிநேகிதன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அவன் கலியாணம் செய்திருந்தது எங்கள் தோட்டத்திலேயே, லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை. ஊரிலிருந்த அவன் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லை. தான் பார்த்த பெண்ணை விட்டுவிட்டு எவளையோ கட்டிக்கொண்டான் என்று அந்தம்மாள் இரண்டு வருடம் கடிதமே போடவில்லை. ஆண்பிள்ளை பிறந்த செய்தியை நான்தான் அவனுக்காக எழுதிக் கொடுத்தேன். அதற்கும் பதில் வருவதற்குள் மார்கழி மழை பிடித்துக்கொண்டது.

ஐந்து நாள் விடாத மழை. சாலை அடைபட்டுத் தபால்காரனும் பசறைக்கு இறங்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம், இரண்டாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருப்பதைக் கங்காணி பார்த்துச் சொல்ல, துரை உடனே தப்படிக்கச் சொன்னார். விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்காக அடிக்கிற பறை அது. மத்தியானத்தில் கேட்டதும் எல்லாரும் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். இதில் துரையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளியே வந்தவர்கள் எங்கே போய் நிற்பது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை. ஆற்றுப் பாலம் காலையிலேயே போய்விட்டது. என் ஆஸ்பத்திரி, மற்ற லயங்கள், பங்களா எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் கூரையோடு மிச்சமிருந்தது ஸ்டோர் ஒன்றுதான். தேயிலை செய்கிற கட்டடத்தை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில் கொழுந்து வாடப் போட்டிருந்தது. கொழுந்து வாடும்போது ஈர உடம்போடு யாரையும் உள்ளே விடக்கூடாது, தேயிலையில் நாற்றம் ஏறிவிடும் என்பது அங்கே நிரந்தரக் கட்டளை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் கதவைச் சாத்திவிட்டார். அறுபது பேருக்கு மேல் பெரட்டுக் களத்தில் மழையில் நின்றார்கள்.

நான் மழையில் நிற்கவில்லை. காய்ச்சல்காரன் ஒருவனைப் பார்க்க இந்தப் பக்கம் வந்து, பாலம் போனதால் மாட்டிக்கொண்டவன் நான். உத்தியோகஸ்தன் என்பதால் டீமேக்கர் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். என் சட்டை ஈரமில்லையா, என் உடம்பில் நாற்றமில்லையா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தபால்காரன் வந்து கதவைத் தட்டினான். டீமேக்கர் ஒரு முழம் திறந்தார்.

"கைப்புள்ளயோட நிக்குதுங்க. பொறந்து நாப்பது நாளுதான் ஆவுது. தாயும் புள்ளயும் மட்டும் உள்ள நின்னுக்கட்டுங்க. நான் வெளியவே நிக்கிறேன்."

தன்னால் முடியாது, துரையைக் கேட்டுக்கொண்டு வா என்றார் டீமேக்கர். பாலம் போவதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்திருந்த துரை, வெடிப்பைப் பார்க்க மலைமேல் போயிருந்தார். தபால்காரன் டீமேக்கர் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீமேக்கர் கேட்டிருப்பார். அவ்வளவு கெட்ட மனிதர் இல்லை அவர். நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிங்க என்று சொல்லிவிட்டு, பிள்ளையைப் போர்த்த ஒரு கம்பளி எடுத்து வர அவன் லயத்துக்கு ஓடினான். அவன் அறைக்குள் போனதைக் களத்தில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள். வெளியே வருவதற்குள் மலை இறங்கிவிட்டது.

சத்தம் கேட்டுத் துரை ஓடி வந்தார். களத்தில் ஆட்கள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும், முதல் வேலையாக ஸ்டோர்க் கதவை விரியத் திறக்கச் சொன்னார். கொழுந்து போனால் போகட்டும் என்று அவர் கத்தியதை என் காதால் கேட்டேன். பிறகு அவரே மண்வெட்டி பிடித்தார். பொழுது சாய்வதற்குள் அவனை எடுத்துவிட்டோம். கம்பளி அவன் கக்கத்தில் மடித்தபடியே இருந்தது. நான் நாடி பிடித்துப் பார்த்தேன். பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் அந்தக் கையை விட மனம் வரவில்லை.

பாலத்தைக் கட்டி முடித்த பிறகு என் அறைக்குத் திரும்பி, மேசையில் உட்கார்ந்து செய்தி எழுதினேன். அச்சில் வந்தது இதுதான்:

"நமுனுகுலைச் சாரலில் ஆறு நாட்களாக விடாமழை. தோட்டமொன்றில் புதன்கிழமை பிற்பகல் மண் சரிந்து லயத்தின் நான்கு அறைகள் மூடுண்டன. ஒரு மணி நேரத்துக்கு முன்பே தோட்டத்தார் தப்படித்து எச்சரித்ததனால் ஆட்கள் யாவரும் வெளியேறியிருந்தனர். எச்சரிக்கையின் பின்னும் கம்பளி எடுப்பதற்காக உள்ளே திரும்பிச் சென்ற ஒரு கூலியாள் மாத்திரம் மாண்டார். துரையவர்கள் மழையில் நின்று மண்ணகற்றும் வேலையைத் தாமே நடத்தினார்கள். ஸ்டோருக்குச் சேதமில்லை. பசறைத் தபால் சில நாட்கள் தாமதப்பட்டது."

எதையாவது பொய் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். தப்படித்தது உண்மை. அவன் திரும்பிப் போனது உண்மை. துரை மழையில் நின்றதும் உண்மை. முதலில் நான் கதவைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது டீமேக்கரைக் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. அபிப்பிராயம் தொனிக்கிறது என்று அடித்துவிட்டேன். துரை மண்வெட்டி பிடித்தது மட்டும் எனக்கு அபிப்பிராயமாகத் தொனிக்கவில்லை பாருங்கள். செத்தவன் தபால்காரன் என்று எழுதினால், அவனுக்குப் பெண்டாட்டி உண்டு, கைக்குழந்தை உண்டு என்று எழுதவேண்டும். எழுதினால் கம்பளி யாருக்கு என்ற கேள்வி வரும். அப்புறம் அந்தப் பிள்ளை ஏன் மழையில் நின்றது என்று வரும். எப்படிச் சுற்றினாலும் கதவில் வந்து நின்றது, கதவுக்குப் பின்னால் நான் நின்றேன். ஆகவே ஒரு கூலியாள் என்று முடித்துக்கொண்டேன். தபால் தாமதப்பட்டது என்று எழுதிய அதே கையால்.

யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய கிளாக்கர் அந்தப் பத்திரிகையை வரிவரியாகப் படித்துத் துரைக்குச் சொல்வார் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பத்திரிகை வந்த வாரம் தபால்காரன் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பிள்ளைக்குச் சளி என்று காட்டிவிட்டு, அவரைப் பற்றிப் பேப்பரில் போட்டிருக்கிறதாமே என்றாள். வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, கதவைப் பற்றிப் போடவில்லையா என்று ஒன்றுதான் கேட்டாள். இடம் போதவில்லை என்றேன். அந்தத் துண்டை வெட்டித் தரச் சொன்னாள்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். ஊரில் இருப்பவர்கள் தோட்டத்துக் கடிதங்களை லேசில் நம்பமாட்டார்கள். தோட்டத்தை விட்டு ஓடினவனைச் செத்துப்போனான் என்றும், செத்தவனை நன்றாக இருக்கிறான் என்றும் யார் யாரோ எழுதி ஏமாற்றியதுண்டு. எழுதத் தெரியாதவர்கள் சொல்ல இன்னொருவர் எழுதும் கடிதம்தானே. அச்சில் வந்தது மட்டும் அவர்களுக்குச் சத்தியம். அதனால் சாவுச் செய்தி பத்திரிகையில் வந்துவிட்டால், அதை வெட்டி, சோற்றுப் பசை தடவிக் கடிதத்தில் ஒட்டி அனுப்புவார்கள். அவளும் அப்படித்தான் அனுப்பினாள். நான்தான் ஒட்டினேன். லயத்தில் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை, பெற்றவர்கள் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு இனி மாமியார் வீடுதான் கதி. சித்திரையில் கடல் தாண்டி நாட்டுக்குப் போகிற கூட்டத்தோடு அவளையும் அனுப்பக் கங்காணி ஒப்புக்கொண்டிருந்தார். மாமியார் வா என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மாசியில் பதில் வந்தது. வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கொண்டு அச்சுத் துண்டை மூன்று தரம் படிக்க வைத்தார்களாம். ஒரு மணி நேரம் முன்னாலேயே சொல்லியும் உள்ளே போனானா என் பிள்ளை? அவன் அப்படிப் புத்தி கெட்டவன் இல்லையே. ஒரு கம்பளிக்காக அவனை யார் உள்ளே அனுப்பியது? இதற்குப் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தது.

நான் வாசித்து முடித்ததும் அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க படிச்சது எல்லாமே நெசந்தாங்க ஐயா. ஆனா அதுல எம் புருசன் முட்டாளா இருக்காரு. நான் அவர அனுப்புனவளா இருக்கேன். கதவையும் அதே பேப்பர்ல போட்டுக் குடுங்க."

அன்றைக்கே ஆசிரியருக்கு எழுதினேன். கதவைப் பற்றி எழுதினேன், பிள்ளையைப் பற்றி எழுதினேன், செத்தவன் தபால்காரன் என்று எழுதினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் எழுதினேன், அதையாவது நம்புங்கள். இரண்டு வாரத்தில் தபால் அட்டையில் பதில் வந்தது. நீர் முன்பு அனுப்பிய செய்தியில் பிழை ஏதேனும் உண்டா, உண்டானால் எந்த வரி என்று குறிப்பிடவும். பிழை இல்லையெனில் திருத்தம் வெளியிட இடமில்லை. மரியாதையான மனிதர், கையெழுத்துக்கூட அழகாக இருந்தது. நான் அந்த ஒன்பது வரியையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பிழை தேடினேன். பாவி நான், ஒரு பிழையாவது விட்டிருக்கக்கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கடைசியில் அந்தம்மாளுக்கு நானே நேரடியாக ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். கதவுக்குப் பின்னால் நான் நின்றதையும், உங்கள் மகன் என்னைப் பார்த்தபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் எழுதினேன். ஒட்டி அனுப்ப அச்சுத் துண்டு ஏதும் இல்லை. வெறும் கையெழுத்துத்தான்.

பதிலுக்குக் காத்திருந்த அந்த இரண்டு மாதமும் என் படியில் யாரும் உட்காரவில்லை. புதிதாக வந்த தபால்காரன் பத்திரிகையைச் சன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போவான். நான் அதைப் பிரிக்காமலே அடுக்கி வைத்தேன். வாசிக்க வாய் இருந்தது, கேட்க ஆளில்லை. மத்தியானத்தில் யாராவது படியேறும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். பேதிக்கு மருந்து கேட்டு யாராவது நிற்பார்கள். அவனை நினைத்து அழுதேனா என்று கேட்டால், அழுதேன். அதைப் பார்க்கவும் யாரும் இல்லை.

சித்திரைக் கூட்டம் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது மாமியார் கடிதம் வந்தது. அவள் பிள்ளையோடு வந்து, நான் எவ்வளவு சொல்லியும் நாற்காலியில் உட்காராமல் எதிரே நின்றாள். நான் வாசித்தேன். பேரன் முகம் பார்க்காமல் கண் மூடிவிடுவேனோ என்று ஏக்கமாக இருக்கிறது. அவனுக்கு அவன் தாத்தா பெயரையே வைக்கவும். அவன் பங்குக்குக் கொல்லைக் காட்டில் அரை ஏக்கர் இருக்கிறது, அதை யாரும் தொடமாட்டார்கள். வளர்ந்ததும் அவன் வரட்டும். அம்மன் துணை.

வாசித்து மடித்தேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெளிச்சத்துக்காகத்தான் செய்தேன். அதை நம்பிக்கொண்டு அவள் கடல் தாண்டிப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பாள் என்பது அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் மடித்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வந்தது மெல்லப் போய்விட்டது.

"நடுவுல ஒங்க கண்ணு கீழ எறங்குச்சு, வாய் நின்னுபோச்சு. எனக்குப் படிக்கத்தான் தெரியாதுங்க, பாக்கத் தெரியும். விட்டத படிங்க ஐயா."

ஒன்றுமில்லை என்றேன். அவள் நகரவில்லை. கடிதத்தைப் பிரித்து, விட்ட வரியை வாசித்தேன். எச்சரித்த பின்னும் ஒரு கம்பளிக்காகப் புருஷனை உள்ளே அனுப்பினவள் எங்கள் வாசலை மிதிக்கவேண்டாம். மருந்துக்கார ஐயா இரக்கப்பட்டு எழுதியதை நாங்கள் நம்பவில்லை, அச்சில் வந்ததைத்தான் நம்புகிறோம்.

அவள் அழவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது எங்க மாமியா சொன்னது இல்லீங்க. நீங்க பேப்பர்ல சொன்னதத்தான் அவங்க எனக்குத் திருப்பிச் சொல்றாங்க" என்றாள்.

நாட்டுக்குப் போகிற கூட்டம் அடுத்த திங்கட்கிழமை புறப்பட்டது. தலைச்சுமைகளோடு அவர்கள் பசறைப் பாதையில் இறங்கிப் போவதை நான் என் படியில் நின்று பார்த்தேன். எதிர்மலையில் கொழுந்து எடுப்பவர்களின் நிரை நின்றது. அதில் அவள், பிள்ளையை முன்னால் ஏணைகட்டிக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டியபடி, அந்தப் பாதைப் பக்கம் திரும்பாமல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.